யூனிஸ் எழுந்துபோன நாற்காலி

வோல்டன் நாற்காலிக் கம்பெனியிலிருந்து 1949 மார்ச்சில் வெளிவந்த முதல் நூறு நாற்காலிகளும் சூடாக இருந்தன. அடுப்புச் சூடு அல்ல. ஒருவர் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோன இருக்கையில் இருக்குமே, அந்தச் சூடு. சரக்கறையில் இரண்டு வாரம் கிடந்தும் அது ஆறவில்லை. மிச்சிகன் ஏரிக் காற்றில் சன்னல் கண்ணாடிக்கு உள்பக்கமே உறைபனி படிந்த மாதம் அது. ஊர்ப் பூனைகள் எல்லாம் எங்கள் சரக்கறைக்குக் குடிவந்துவிட்டன. கிராண்ட் ராபிட்ஸிலிருந்து ஒரு பொறியாளர் வந்து, வெப்பமானியை இருக்கையில் வைத்து, தொண்ணூற்றெட்டு டிகிரி ஃபாரன்ஹீட், மனித உடம்பின் சூடு என்று குறித்துக்கொண்டு, பட்டாணி சூப் குடித்துவிட்டுப் போனார். கம்பெனி அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. குளிர் நாட்டில் சூடான நாற்காலி விற்காமல் போகுமா என்ன.

அதைச் செய்தவர்கள் லோரன் வீன்ஸ்ட்ராவும் அவன் மனைவி யூனிஸும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மற்றவர்களுக்கு எத்தனை வருடம் பிடித்தது என்பதுதான் இந்தக் கதை. லோரன் கம்பெனியில் புது வடிவங்களுக்கு மாதிரி செய்யும் பட்டறையில் இருந்தான். யூனிஸ் சிகாகோவில் இரண்டு வருடம் சிற்பம் படித்துவிட்டு வந்தவள். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் இருவரும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்குப் பின்னால் புதிதாய் விழுந்த பனியில் ஒருவர் உட்காருவது. மற்றவர் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பது. பிறகு அந்தப் பள்ளத்தில் சாந்தை ஊற்றி அச்செடுத்து, அதன்மேல் மெல்லிய மரத் தகடுகளைப் பசை தடவி அடுக்கி, கார் தூக்கும் ஜாக்கியை வைத்து அழுத்துவது. இதில் ஒரு சங்கடம் உண்டு. உட்கார்ந்தவர் தானாக எழுந்தால் கையை ஊன்ற வேண்டும், ஊன்றினால் பள்ளத்தின் ஓரம் உடைந்துபோகும். அதனால் மற்றவர் எதிரே நின்று இரு கைகளையும் பிடித்து நேராக மேலே தூக்க வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்ய முடியாத வேலை அது. மூன்று குளிர்காலம், நூற்று நாற்பது பள்ளம். வேலை நேரத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். முதுகு சாய்வு யாருடையது, தொடைக்குக் கீழே வளைகிற அந்த உதடு போன்ற விளிம்பு யாருடையது என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவர்களாலேயே பதில் சொல்ல முடியவில்லை. கடைசிப் பள்ளத்தில் உட்கார்ந்தவள் யூனிஸ். ஒரு மணி நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தாள். லோரன் அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு கைப்பிடிப் பனியை வழித்தெடுத்தான், அவ்வளவுதான், சரியாக வந்துவிட்டது, கை கொடுத்துத் தூக்கினான். இரண்டு நாள் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நாற்காலிக்குச் சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கம்பெனி முதலாளி கெரிட் ஸ்லாக்டர். எங்கள் ஊர்த் தேவாலயச் சபைக்கு அவர் மூப்பரும்கூட. நாற்காலிக்கு அடியில் அடிக்கப் பித்தளைத் தகடு செய்து வந்தபோது அதில் "வடிவமைப்பு: லோரன் வீன்ஸ்ட்ரா" என்று மட்டும் இருந்தது. யூனிஸ் கேட்டதற்கு, குடும்பப் பெயர் ஒன்றுதானே என்றார். வாங்குகிறவனுக்கு ஒரு பெயர்தான் மனதில் நிற்கும் என்றார். தகட்டில் இடம் இல்லை என்றும் சொன்னார். தகட்டில் பைபிளிலிருந்து ஒரு முழுச் சங்கீதம் எழுதும் அளவுக்கு இடம் இருந்தது, எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை ஆணியடித்தவள் நான். ஒரு நாற்காலிக்கு இரண்டு ஆணி. ஐந்து வருடத்தில் அறுபத்தோராயிரம் நாற்காலி. ஒருநாள்கூட நான் வாயைத் திறக்கவில்லை. என் வயிற்றெரிச்சலில் பாதி என்மேலேயே என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

பிறகு பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். நியூயார்க்கிலிருந்து வந்த புகைப்படக்காரன் யூனிஸின் நிழல் நாற்காலிமேல் விழுகிறது என்று சொல்லி அவளைச் சமையலறைக்கு அனுப்பினான். ஒரு மாத இதழ்க்காரி அவளிடம் இரண்டு பக்கத்துக்குப் பேட்டி எடுத்து, லோரனுக்குக் காலையில் முட்டை எப்படிப் பிடிக்கும் என்பதைப் போட்டாள். லோரன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாயில் கொழுக்கட்டையை அடைத்தவன் மாதிரி இருந்தான். அவன் கெட்டவன் இல்லை. எங்கள் சபையில் எல்லாப் பாவத்துக்கும் தாய் பெருமை என்று தொட்டிலிலிருந்தே சொல்லித் தருவார்கள். பாராட்டுக்கு நன்றி சொல்வதே பெருமை, அதைத் திருத்தப் போவது இரட்டைப் பெருமை என்று நினைத்தான். தன் பெருமையை அடக்குவதாக நினைத்துக்கொண்டு அவள் பங்கை அடக்கினான். தாழ்மை என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் பாதிக் காரியங்கள் இப்படித்தான்.

நாற்காலிகள் மேலும் சூடேற ஆரம்பித்தன. 1952 கோடையில் நூறு டிகிரியைத் தாண்டின. டொலிடோவில் ஒரு பல் மருத்துவர், காத்திருக்கும் அறையில் நோயாளிகள் யாரும் உட்காருவதில்லை என்று எழுதினார். ஒரு பேக்கரிக்காரர் எட்டு நாற்காலி வாங்கி, ரொட்டி மாவைப் பொங்கவைக்க வரிசையாகப் போட்டுக்கொண்டார். அவர் ஒருவரிடமிருந்துதான் நன்றிக் கடிதம் வந்தது. அடுத்த வருடம் இருக்கையில் வைத்த மெழுகுவர்த்தி உருகியது. பொறியாளர் திரும்ப வந்து பசையைக் குறை சொன்னார். பசையை மாற்றினார்கள், மரத்தை மாற்றினார்கள், ஆணியைக்கூட மாற்றினார்கள். தகட்டை மாற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சரக்கறைப் பெண்கள் எங்களுக்குத் தோன்றியது. எங்களை யார் கேட்டார்கள்.

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மூப்பர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் வருவார்கள். காப்பி குடித்து, வீட்டில் சமாதானம் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்ற பதிலை வாங்கிக்கொண்டு, ஜெபம் செய்துவிட்டுப் போவார்கள். 1954 பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு, வீன்ஸ்ட்ரா வீட்டுக்கு ஸ்லாக்டரும் வெங்காயத் தோட்டக்காரர் பீட் ஆவர்பெக்கும் வந்தார்கள். அங்கே நடந்ததை மறுநாளே பீட் தீவனக் கடையில் சொல்லிவிட்டார், அதனால் ஒரு சொல் தவறாமல் ஊருக்குத் தெரியும். பீட் நல்லவேளையாகச் சோபாவில் உட்கார்ந்தார். ஸ்லாக்டர் தன் கம்பெனிப் பொருளில் உட்காராமல் இருக்க முடியுமா. நாற்காலியில் உட்கார்ந்தார், ஒருமுறை நெளிந்தார், காப்பிக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"சகோதரி யூனிஸ், வீட்டுல சமாதானம் இருக்கா?"

"இல்ல."

பீட்டின் கோப்பை பாதி வழியில் நின்றது. அவர் மூப்பராக இருந்த பத்தொன்பது வருடத்தில் அந்தப் பதிலைக் கேட்டதில்லை.

"இப்ப நீங்க மூப்பரா உக்காந்திருக்கீங்களா, முதலாளியா உக்காந்திருக்கீங்களா? அதச் சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன்," என்றாள் யூனிஸ்.

"மூப்பராத்தாம்மா வந்திருக்கேன்."

"அப்ப பொய் சொல்லக் கூடாது. இப்ப உங்க காலைச் சுடுதே, அந்த நாற்காலிய யாரு செஞ்சது?"

ஸ்லாக்டர் ஒரு காலை மாற்றி உட்கார்ந்தார். "குடும்பத் தலைவன் இருக்கான், அவனையே கேப்போம். நீ சொல்லுப்பா, லோரன்."

லோரன் தரைவிரிப்பைப் பார்த்தான். அதிலிருந்த பூக்களை எண்ணுகிறான் என்று பீட் நினைத்தாராம். பிறகு, நாங்களெல்லாம் சிறுவயதில் கற்றுக்கொண்ட அந்தப் பதிலைச் சொன்னான்.

"கர்த்தர் கொடுத்தது."

பீட் பழக்க தோஷத்தில் ஆமென் என்றார். அதற்காக அவர் சாகும்வரை வருத்தப்பட்டார்.

"கர்த்தர் பனியில உக்காரல, லோரன். நான் உக்காந்தேன். நீ தூக்கிவிட்ட. ரெண்டு பேருக்கும் கை மரத்துப்போச்சு. இதுல உனக்கு மறந்துபோக என்ன இருக்கு?"

"ஜெபம் பண்ணுவோம்," என்றார் ஸ்லாக்டர்.

ஸ்லாக்டரின் ஜெபம் எப்போதும் பதினோரு நிமிடம். ஜெபத்தின் நடுவில் எழுந்திருப்பது எங்கள் ஊரில் வீடு தீப்பிடித்தால்கூட யோசித்துச் செய்கிற காரியம். யூனிஸ் எழுந்தாள். மேல்கோட்டைப் போடாமல் பின்கதவைத் திறந்துகொண்டு போய், புதிதாய் விழுந்த பனியில் உட்கார்ந்தாள். உள்ளே கம்பளித் துணி பொசுங்கும் வாசனை வந்தது. ஸ்லாக்டர் மிஷனரிகளுக்காக வேண்டிக்கொண்டிருந்தார். குரல் மேலே மேலே போயிற்று, ஆனால் அவர் எழவில்லை, எழுந்தால் ஆமென் சொல்லாமல் எழுந்த மூப்பர் என்று ஆகிவிடும். திறந்து கிடந்த கதவு வழியாக யூனிஸின் குரல் வந்தது.

"லோரன், வந்து தூக்கு."

மூன்று ஆண்களுக்கும் கேட்டது. லோரன் கண்ணை மூடியிருந்தான். அவன் கை விரல்கள் அசைந்ததைப் பீட் பார்த்தார், ஏனென்றால் பீட் கண்ணைத் திறந்துவிட்டார். அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள். லோரன் எழவில்லை. மூன்று குளிர்காலம் ஒரு பெண்ணோடு பேசாமலே பேசி வேலை செய்தவன், அவள் வாய் திறந்து கூப்பிட்டபோது ஆமெனுக்காகக் காத்திருந்தான். யூனிஸ் பனியில் இரு கைகளையும் ஊன்றித் தானாகவே எழுந்தாள். ஏழு நாற்பதுக்கு எழுந்தாள். ஏழு நாற்பதுக்கு நாட்டிலிருந்த அறுபத்தோராயிரம் நாற்காலிகளும் ஒரே சமயத்தில் குளிர்ந்துபோயின. ஸ்லாக்டரின் கால்சட்டையில் இரண்டு வட்டமாகக் கருகியிருந்த இடம் அவர் ஆமென் சொன்னபோது நாற்காலியோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பீட்தான் பிடித்து இழுத்துவிட்டார்.

அதன்பிறகு அந்த நாற்காலிகளில் ஜூலை மாதத்திலும் உறைபனி படிந்தது. பேருந்து நிலையங்களில் ஆட்கள் பனியைச் சுரண்டிவிட்டு, செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார்கள். ஒரு மளிகைக் கடைக்காரர் மீன் வைக்கப் பயன்படுத்தினார். வீன்ஸ்ட்ரா வீட்டுக்குப் பின்னால் யூனிஸ் உட்கார்ந்த பள்ளம், இரண்டு பக்கமும் கை ஊன்றிய தடத்தோடு, வசந்தத்தில் உருகவில்லை, கோடையிலும் உருகவில்லை. சுற்றிலும் புல் முளைத்தது. யூனிஸ் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கப் போனாள். ஒரே வீட்டில் இருந்தார்கள். உப்பு எங்கே, கதவைச் சாத்து என்பதற்குமேல் பேச்சில்லை. லோரன் தனியாக ஏழு நாற்காலி செய்தான். அவை சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை, ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. யூனிஸ் தனியாக ஒரு மேசையும் ஒரு தொட்டிலும் செய்தாள். அவையும் அப்படித்தான். அவள் பக்கம் இருப்பவள் நான், ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

ஸ்லாக்டர் இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, புதுத் தகடு செய்து அனுப்பினார். "லோரன் வீன்ஸ்ட்ரா, மனைவியின் உதவியுடன்." யூனிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் யாருக்கும் உதவி பண்ணல. என் வேலையப் பண்ணேன்," என்று எங்கள் முன்னாலேயே சொல்லி, அதை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். ஆனாலும் ஸ்லாக்டர் விடவில்லை, சோதனைக்குப் பத்து நாற்காலியில் அடிக்கச் சொன்னார். அடித்தேன். பத்தும் குளிரில் நடுவே பிளந்துபோயின. அதன்பிறகு அந்த நாற்காலி செய்வதையே நிறுத்திவிட்டார்கள்.

1961 அக்டோபரில் ஒரு ஞாயிறு காலை, பிரசங்கத்தின் இரண்டாம் தலைப்பு முடிந்து, எல்லாரும் தலைப்புக்கு ஒன்றாக வைத்திருக்கும் பெப்பர்மின்ட் மிட்டாயில் அடுத்ததை வாயில் போட்டுக்கொள்ளும் சலசலப்பு அடங்கியபோது, லோரன் எழுந்து நின்றான். எங்கள் சபையில் எல்லார் முன்னாலும் நின்று பாவ அறிக்கை செய்வது என்றால், அது கல்யாணத்துக்கு முன்னால் கர்ப்பமான பெண்களுக்கு மட்டும்தான். என் அக்காளும் நின்றிருக்கிறாள். ஒரு ஆண் தானாக நின்று யாரும் பார்த்ததில்லை. "கர்த்தர் கொடுத்ததுன்னு சொன்னேன். அது பொய். யூனிசும் நானும் செஞ்சோம். அவ கூப்பிட்டா, நான் போகல," என்றான். போதகர், இது அறிக்கை செய்யவேண்டிய விஷயமே இல்லை, உட்காரு தம்பி என்றார். கர்ப்பமான பெண்களிடம் இப்படி ஒருநாளும் சொன்னதில்லை அவர். லோரன் உட்காரவில்லை. நேராக வீட்டுக்கு நடந்துபோய், சமையலறை நாற்காலியைக் கவிழ்த்து, தச்சர்கள் வைத்திருக்கும் தட்டைப் பென்சிலால் தகட்டுக்குக் கீழே இரண்டு பெயரையும் எழுதினான், அவள் பெயரை முதலில். நிமிர்த்தி வைத்தபோது அது சூடாக இருந்தது. பின்னாலேயே வந்த யூனிஸ் இருக்கையில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் அறுபதாயிரத்துச் சொச்சம் இருக்கு. போய்ட்டு வா," என்றாள்.

அவன் போனான். வேலையை விட்டுவிட்டு, பழைய கார் ஒன்றில், பதினான்கு வருடம். பள்ளிக்கூடம், வங்கி, பேருந்து நிலையம், சாவு வீடு என்று நுழைந்து, மண்டியிட்டு, நாற்காலியைக் கவிழ்த்து எழுதினான். சிலர் அவனைக் கம்பெனி ஆய்வாளர் என்று நினைத்தார்கள், சிலர் பைத்தியம் என்று நினைத்துப் போலீஸைக் கூப்பிட்டார்கள். வந்த போலீஸ்காரர்கள் சூடான நாற்காலியில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். வருடா வருடம் முதல் பனிக்கு வீட்டுக்கு வருவான். யூனிஸ் உருளைக்கிழங்கும் தொத்திறைச்சியும் போடுவாள். மூன்றாவது வருடத்திலிருந்து, அவன் கிளம்பும் நாளில் சட்டைப் பெட்டிக்குள் பன்னிரண்டு பென்சில் சீவி வைத்திருந்தாள்.

1976 ஜனவரியில், முழங்கால் போய்விட்டதால் நெப்ராஸ்காவிலிருந்து பாதியில் திரும்பினான். அப்போது அவனுக்கு அறுபத்தாறு. வீட்டில் யாரும் இல்லை. பின்பக்கம் போனான். இருபத்திரண்டு வருடமாக உருகாத அந்தப் பள்ளத்தில் யூனிஸ் உட்கார்ந்திருந்தாள். கோட்டு போடவில்லை. பக்கத்து வீட்டில் வேலியோரம் பனி தள்ளிக்கொண்டிருந்த மிசஸ் ரோலோஃப்ஸ் இதைக் கண்ணால் பார்த்தவர்.

"ஜெபம் முடிஞ்சுதா?" என்று கேட்டாள் யூனிஸ்.

"முடிஞ்சுது."

"அப்ப தூக்கு."

அவன் எதிரே நின்று, இரண்டு கைகளையும் பிடித்து, அந்த முழங்காலோடு, நேராக மேலே தூக்கினான். ஓரம் ஒரு துளிகூட உடையவில்லை. ஊன்றிய கைத்தடங்கள் இரண்டையும் காணோம். அன்று பூஜ்யத்துக்கும் கீழே பதினெட்டு டிகிரி. அன்று மாலைக்குள் அந்தப் பள்ளம் உருகி, நாற்காலி அளவுக்குப் பச்சைப்புல் தெரிந்தது. அதன்பிறகு லோரன் சாகும்வரை மூன்று குளிர்காலம் இருந்தது. மூன்றிலும் வேலை செய்து, குழந்தைகளுக்கு ஒரு முக்காலியை வடிவமைத்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருபது இருக்கின்றன. சூடானவை. யூனிஸ் 1984இல் இறந்தாள். பெருநகரப் பத்திரிகை ஒன்று "புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் மனைவி காலமானார்" என்று போட்டது. லோரனின் காலை முட்டையைப்பற்றிப் போடவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

லோரன் எழுதி முடித்தது இருபத்து மூவாயிரத்து நானூறு. மிச்சமெல்லாம் இன்றும் குளிர்ந்துதான் கிடக்கின்றன. எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் சட்டைப்பையில் பென்சில் இருக்கும். அந்த வளைவைக் கண்டால் உட்காருவதற்கு முன் கவிழ்த்து எழுதுவோம். ஆணியடித்தவள் என்பதால் எனக்கு மற்றவர்களைவிடக் கணக்கு அதிகம். 1991இல், எழுபத்து மூன்று வயதில், ஒரு பெரிய நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போனேன். அந்த நாற்காலியை மேடைமேல் வைத்துச் சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். இருக்கை முழுக்க உறைபனி. பக்கத்து அட்டையில் ஒற்றைப் பெயர். முதலில் முறைப்படி அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். ஆதாரம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், குழு பரிசீலிக்கும் என்றாள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தி. நான் திரும்பி வந்து, கயிற்றுக்கு அடியில் குனிந்து, நாற்காலியைக் கவிழ்த்தேன். நான் அடித்த ஆணிகள் அப்படியே இருந்தன. எழுதி முடித்து நிமிர்த்துவதற்குள் காவலாளி வந்துவிட்டார்.

"என்னம்மா பண்றீங்க? தொடக் கூடாதும்மா அது." நாற்காலியை என்னிடமிருந்து வாங்கி வைத்தவர், இருக்கையில் வைத்த கையை எடுக்கவில்லை. மறுகையையும் வைத்துப் பார்த்தார். உறைபனி தண்ணீராகி மேடையில் சொட்டியது. "சூடா இருக்கு. இதுல யாரோ உக்காந்திருந்திருக்காங்க."

"ஆமா."

"நீங்களா?"

"நான் இல்ல. யூனிஸ்."

அவர் பெருமூச்சு விட்டு, காட்சிப்பொருளில் உட்கார்ந்தவர்களின் பெயரைக் குறிக்கும் குறிப்பேட்டை எடுத்தார். முழுப் பெயர் கேட்டார். யூனிஸ் வீன்ஸ்ட்ரா என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேதியையும் நேரத்தையும் போட்டு, தெளிவான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் அவள் பெயர் எழுதப்பட்ட முதல் காகிதம் அதுதான்.